கிளப் கழற்றிவிட்ட நட்சத்திரம் எங்கே போகலாம்? நான்கு வழிகள், ஒரு கேள்வி

மே மாதக் கடைசியில் ஏதாவது ஒரு கால்பந்து கிளப்பின் இணையப் பக்கத்தில் ஒரு படம் வரும். பழைய ஜெர்சியில் கையை உயர்த்தி நிற்பார் நம்ம ஆள். கீழே நன்றி சொல்லி இரண்டு வரி இருக்கும். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்ற விஷயம் மூன்றாவது வரியில் ஒளிந்திருக்கும். பதினைந்து வருஷம் ஆடியவருக்கு மூன்று வரி. அன்று ராத்திரியே என்னிடம் கேள்வி வந்துவிடும்: "இனி அவர் எங்கே போனால் நல்லது?"

வருஷத்துக்கு வருஷம் பெயர்தான் மாறும். 2025 கோடையில் மட்டும் தாமஸ் முல்லர், லூகா மோட்ரிச், கெவின் டி புரூய்ன, ஜேமி வார்டி என்று நான்கு பேர் நெடுநாள் ஆடிய கிளப்பை விட்டு வெளியே வந்தார்கள். முல்லருக்கும் டி புரூய்னவுக்கும் கிளப்பே புதிய ஒப்பந்தம் தரவில்லை. முல்லர் கனடாவின் வான்கூவருக்குப் போனார். மற்ற மூவரும் இத்தாலிக்கு; ஆனால் ஒருவர் ஏசி மிலான், ஒருவர் நாப்போலி, ஒருவர் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்த கிரெமோனேசே. நான்கு பேர் எடுத்த முடிவும் வேறு வேறு. இதில் எது சரி என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், ஆளாளுக்கு வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது புரியும். "சம்பாதிக்கட்டும்" என்பவர் பணத்தைப் பார்க்கிறார். "மரியாதையோடு நிறுத்தட்டும்" என்பவர் பெயரைப் பார்க்கிறார். "இன்னும் ரெண்டு வருஷம் தாங்குவார்" என்பவர் உடம்பைப் பார்க்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இந்த முடிவு நிதானமான மனநிலையில் எடுக்கப்படுவதில்லை. 2015 ஜூலையில் இகர் கசியாஸ் ரியால் மாட்ரிட்டை விட்டுப் போன நாளை நினைத்துப் பாருங்கள். ஒன்பது வயதில் உள்ளே வந்தவர்; 25 வருஷம், 725 ஆட்டம். பத்திரிகையாளர் அறையில் ஒரு மேசை, ஒரு மைக், கையில் ஒரு தாள். பக்கத்தில் கிளப் ஆள் ஒருவர்கூட உட்காரவில்லை. தாளைப் படிக்க ஆரம்பித்ததுமே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாரும் திட்டியதும் மறுநாள் தலைவர் பெரெஸ் வந்து நிற்க இன்னொரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஆனால் அந்த மேசையும் தாளும்தான் மனதில் நின்றன. இப்படிப்பட்ட காயத்தோடு இருப்பவர்தான் சில வாரங்களுக்குள் அடுத்த கையெழுத்தைப் போட வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலில் ஆடும் நேரம். முப்பத்தைந்து வயது உடம்பு பெஞ்சில் உட்கார்ந்தால் ஓய்வெடுக்காது, துருப்பிடிக்கும். இருபது வயதுப் பையன் ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து ஓடுவான். இவருக்கு அந்த வேகம் திரும்ப வர அதே அளவு நாள் பிடிக்கும்.

அடுத்தது உடம்பு. வாரத்துக்கு எத்தனை ஆட்டம், எவ்வளவு தூரம் பயணம், புல்லா செயற்கைத் தரையா, வெயில் எப்படி. ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது.

மூன்றாவது பணம். நான் சொல்வது கையில் நிற்கும் பணம். தலைப்புச் செய்தியில் வரும் தொகையில் வரி, ஏஜென்ட் பங்கு, இரண்டு ஊரில் இரண்டு வீடு எல்லாம் கழியும். மறுபக்கம், ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கு ட்ரான்ஸ்ஃபர் தொகை, அதாவது அவரை வாங்கப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணம், கிடையாது. ஒப்பந்தம் முடிந்தவரைத் தொகை கேட்காமல் விட வேண்டும் என்ற 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு வந்த வசதி இது. அந்தத் தொகை மிச்சமாவதால் புதிய கிளப் அதில் ஒரு பங்கைக் கையெழுத்துப் பணமாக ஆட்டக்காரருக்கே கொடுக்க முடியும். விடுவிக்கப்படுவதில் உள்ள ஒரே இனிப்பு இதுதான்.

நான்காவது பெயர், அதாவது பழைய ரசிகர்கள் அவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பது. ஐந்தாவது நாற்பதுக்கு அப்புறம். பயிற்சியாளரா, கிளப் நிர்வாகமா, தொலைக்காட்சியா, இல்லை எதுவுமே வேண்டாமா?

குடும்பத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அதை அவரவர் வீட்டில்தான் எடை போட முடியும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது கண்டம் மாறுவதற்கு நான் என்ன புள்ளி கொடுப்பது?

இந்த ஐந்துக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. புதிய கிளப்பிலிருந்து வரும் ஃபோனில் கேட்க வேண்டியது: என்னை எதற்காகக் கூப்பிடுகிறீர்கள்? "நீங்கள் வந்தால் எங்களுக்குப் பெருமை" என்று பதில் வந்தால் உஷாராக வேண்டும். "எங்களிடம் பின்வரிசையை அடுக்கி நிறுத்த ஆள் இல்லை" என்று வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசலாம்.

அந்த ஃபோன் எப்போது வரும் என்பதும் முக்கியம். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் பேசலாம். ஜூன் 30-இல் முடிகிற ஒப்பந்தம் என்றால் ஜனவரியிலேயே கதவு திறந்துவிடுகிறது. ஆனால் நட்சத்திரங்கள் பலர் "நம்ம கிளப் நம்மை விடாது" என்று மே வரை காத்திருக்கிறார்கள். செர்ஹியோ ராமோஸ் 2021-இல் அப்படித்தான் மாட்டினார். 16 வருஷம் ஆடிய ரியால் மாட்ரிட் ஒரு வருஷ நீட்டிப்பைச் சம்பளக் குறைப்போடு தருவதாகச் சொன்னது. அவர் பேரம் பேசினார். கடைசியில் சரி என்றபோது, அந்த வாய்ப்புக்குக் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்ததாக விடைபெறும் பேட்டியில் அவரே சொன்னார்.

## வழி 1: அதே உயரத்தில் இன்னொரு கிளப்

2011-இல் ஏசி மிலான் ஆந்த்ரேயா பிர்லோவை விட்டபோது அவருக்கு 32 வயது. பத்து வருஷ உழைப்புக்கு விடைபெறும் பரிசாக ஒரு பேனா கொடுத்தார்கள். பேனா! முப்பது தாண்டியவர்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான் என்பது அப்போது அங்கே வழக்கம். பயிற்சியாளர் அல்லெக்ரிக்குத் தடுப்பு வரிசைக்கு முன்னால் முரட்டு ஆள் நிற்க வேண்டும். பிர்லோ இடப்பக்கம் தள்ளப்பட்டார், காயமும் சேர்ந்துகொண்டது.

அவரை எடுத்த யுவென்டஸ் தொடர்ந்து இரண்டு சீசன் ஏழாம் இடத்தில் முடித்த கிளப். ஓடுவதற்கு அங்கே ஆள் இருந்தது. பந்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று அது காலுக்கு வருவதற்கு முன்பே தெரிந்த ஆள்தான் இல்லை. பிர்லோவிடம் மிச்சமிருந்ததும் அதுதான், கிளப்புக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அடுத்த நான்கு சீசனும் இத்தாலி லீக் யுவென்டஸுக்கே. முதல் சீசனில் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2014-இல் அதே அல்லெக்ரி யுவென்டஸுக்குப் பயிற்சியாளராக வந்து, அதே பிர்லோவை நடுக்களத்தில் வைத்துத்தான் ஆடினார்.

தியாகோ சில்வா கதை இன்னும் சுருக்கம். பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்புக்குக் கேப்டனாக எட்டு வருஷம் இருந்தவரின் கடைசி ஆட்டம், ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2020 ஆகஸ்ட் இறுதிப் போட்டி; பாயர்னிடம் 1-0 தோல்வி. வயது 35, ஒப்பந்தம் முடிந்தது. சில நாளில் செல்சீ. வெஸ்ட் ப்ராம் அணிக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்திலேயே பந்தைக் கோட்டைவிட்டு ஒரு கோல் கொடுத்தார். "வயசாகிவிட்டது" என்று ஊரே சொன்னது. ஒன்பதே மாதத்தில், பிஎஸ்ஜியோடு கிடைக்காத கோப்பையை செல்சீயோடு கையில் வாங்கினார். அப்புறம் 2024 வரை அங்கேதான்.

லூயிஸ் சுவாரெஸ் மூன்றாவது உதாரணம். 2020-இல் பார்சிலோனா வேண்டாம் என்றது. அத்லெதிகோ மாட்ரிட் எடுத்தது. அவர் 21 லீக் கோல் போட்டார், அதில் கடைசி ஆட்டத்தில் வயாதோலிதுக்கு எதிராக வந்த வெற்றி கோலும் ஒன்று, பட்டம் அத்லெதிகோவுக்கு. ஆட்டம் முடிந்ததும் தரையில் உட்கார்ந்து ஃபோனில் வீட்டாரோடு பேசி அழுதுகொண்டிருந்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கோபத்தில் போட்ட கையெழுத்து ஜெயித்தது என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்லெதிகோவுக்குக் கோல் போட ஆள் தேவைப்பட்டது, அவரிடம் கோல் இருந்தது. கோபம் உபரி. அடுத்த சீசனில் கோல் 11 ஆகக் குறைந்தபோது கோபம் கைகொடுக்கவில்லை, ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு என்ன?

ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். இரண்டாவது வருஷம் 'இத்தனை ஆட்டம் ஆடினால் தானாக நீளும்' என்ற நிபந்தனையோடு வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஏப்ரலில் அந்த எண்ணிக்கைக்கு இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போது கிளப் கணக்குப் போட ஆரம்பித்தால், திடீரென்று அவர் பெஞ்சுக்குப் போவார். காரணம் யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் பழைய வீட்டுக்கு எதிரியாகத் திரும்புவது. செல்சீக்காக 211 கோல் போட்டவர் ஃப்ராங்க் லாம்பார்ட். 2014 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி ஜெர்சியில் மாற்று ஆளாக இறங்கி செல்சீக்கு எதிராகவே சமன் கோல் போட்டார். கையை உயர்த்தவில்லை, முகத்தில் சிரிப்பில்லை. அதே சமயம் அவர் அடுத்து ஆட ஒப்புக்கொண்டிருந்த நியூயார்க் அணியின் ரசிகர்கள், சிட்டியில் அவர் தங்குவது நீண்டுகொண்டே போனதும் கொதித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஊர் ரசிகர்களுக்கு வருத்தம். டி புரூய்ன 2025 செப்டம்பரில் நாப்போலியோடு, தன் பழைய கிளப்பான மான்செஸ்டர் சிட்டியை எதிர்த்து ஆடத் திரும்பினார். சக ஆட்டக்காரர் சிவப்பு அட்டை வாங்கியதால் 26-ஆவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் ஆடிய மைதானத்தில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அடுத்த மாதம் இன்டர் மிலானுக்கு எதிராக பெனால்டி அடித்த அதே கணத்தில் தொடைத் தசை கிழிந்தது. பெனால்டி கோலானது, அவர் தரையில் கிடந்தார். இந்த வயதில் காயம் என்பது துரதிர்ஷ்டம் இல்லை, பட்ஜெட்டில் எழுதி வைக்க வேண்டிய செலவு.

இதே வழியின் சின்னச் சந்து ஒன்று உண்டு: அதே தரமான லீக், ஆனால் ஒரு படி கீழே உள்ள கிளப். வார்டி போனது இப்படி. 2010-இல் ரவுல் ரியால் மாட்ரிட்டில் 323 கோல் போட்டுவிட்டு ஜெர்மனியின் ஷால்கேவுக்குப் போனதும் இப்படித்தான். "ஷால்கேவா?" என்று முகம் சுளித்தார்கள். அந்த சீசனில் அப்போதைய ஐரோப்பிய சாம்பியன் இன்டர் மிலானை அதன் ஊரிலேயே 5-2 என்று சாய்த்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள், ஜெர்மன் கோப்பையும் வென்றார்கள். பெயரைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதவருக்கு இந்தச் சந்து முக்கிய சாலையைவிட நல்லது என்பது என் கட்சி.

## வழி 2: தூர தேசமும் பெரிய தொகையும்

அமெரிக்கா, சவுதி, கத்தார், ஜப்பான், ஆஸ்திரேலியா. இதைப் "பென்ஷன் வாங்கப் போகிறார்" என்று கிண்டல் செய்வது வழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்த வழியில் புத்திசாலித்தனமாகப் போனவர்கள் சம்பளத்துக்கு மட்டும் போகவில்லை.

2007-இல் டேவிட் பெக்கம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்குப் போனபோது எல்லாரும் சம்பளத்தைப் பற்றியே பேசினார்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது: பிற்காலத்தில் அந்த லீக்கில் ஒரு புதிய அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கும் உரிமை. அந்த அணிதான் 2020-இல் களமிறங்கிய இன்டர் மயாமி. புதிதாகச் சேரும் அணிக்கு நுழைவுத் தொகை 2019-இல் சார்லட்டுக்கு 32.5 கோடி டாலர், 2023-இல் சான் டியேகோவுக்கு 50 கோடி. அந்த ஒரு வரியின் மதிப்பைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷாவி 2015-இல் பார்சிலோனாவை விட்டு (அவரை யாரும் தள்ளவில்லை, தானே கிளம்பினார்) கத்தாரின் அல் சாத் போனார். நான்கு வருஷம் ஆடினார், அதே கிளப்பில் பயிற்சியாளர் ஆனார், 2021 நவம்பரில் பார்சிலோனாவுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். கேமராக்கள் குறைவாக இருந்த ஊரில் தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது. நாற்பதுக்கு அப்புறம் என்ற அளவுகோலில் இதற்கு முழுப் புள்ளி.

இப்போது செலவுப் பக்கம். வான்கூவரின் சொந்த மைதானம் பிசி பிளேஸில் செயற்கைத் தரை. முழங்காலும் கணுக்காலும் பதினெட்டு வருஷம் தேய்ந்தவருக்கு அதில் வாரா வாரம் ஆடுவது வேறு கணக்கு. அங்கிருந்து மயாமிக்கு நேர்கோட்டில் சுமார் 4,500 கிலோமீட்டர், இதுவும் ஒரே லீக்குக்குள். ஐரோப்பாவில் இரண்டு மணி நேர விமானத்தில் போய் ராத்திரியே வீடு திரும்பியவர், இங்கே தூக்கத்தைத் தொலைப்பார். முல்லர் இதையெல்லாம் மீறி முதல் சீசனிலேயே அணியோடு லீக் இறுதிப் போட்டி வரை போனார். மெஸ்ஸியின் மயாமியிடம் 3-1 தோல்வி.

சவுதியில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதுதான் பெரிய ஈர்ப்பு. அதற்குக் கொடுக்கும் விலை சில சமயம் பெயரில் கழியும். லிவர்பூல் கேப்டன் ஜோர்டன் ஹென்டர்சன் 12 வருஷத்துக்குப் பிறகு 2023 ஜூலையில் அல் எத்திஃபாக் போனார். அதுவரை அவரைத் தங்கள் பக்கம் நின்றவராகக் கொண்டாடிய பாலினச் சிறுபான்மை ரசிகர்கள் துரோகம் என்றார்கள். ஆறே மாதத்தில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அயாக்ஸுக்கு வந்துவிட்டார். பணத்துக்காகப் போனால் முழுசாகச் சம்பாதித்துவிட்டாவது வர வேண்டும். பேரும் போய், பணமும் பாதியில் நின்றால் யாருக்கு லாபம்?

இந்த வழியில் யாரும் பேசாத இன்னொரு செலவு, கண்ணிலிருந்து மறைந்துபோவது. அலெஸ்ஸாந்த்ரோ தெல் பியரோவுக்கு யுவென்டஸ் 19 வருஷத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. தலைவர் அதை 2011 அக்டோபரில் பங்குதாரர் கூட்டத்தில் அறிவித்தார்; பங்குதாரர் கூட்டத்தில்! தெல் பியரோ சிட்னி போய் இரண்டு சீசன் நன்றாகவே ஆடினார், 2014-இல் டெல்லி டைனமோஸுக்கும் வந்து ஆடினார். நமக்கு அவரை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஆனால் யுவென்டஸின் ஊரான டுரினில் பலருக்கு அவர் கதை 2012-இலேயே முடிந்துவிட்டது.

## வழி 3: முதலில் பந்து உதைத்த கிளப்புக்கே

மனசு சாய்வது இந்தப் பக்கம்தான், அதனாலேயே இங்கே அதிக எச்சரிக்கை தேவை.

சாந்தி காஸோர்லாவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ரியால் ஒவியெதோவின் இளையோர் அணியில் வளர்ந்தவர். கிளப் கடனில் மூழ்கியதால் 2003-இல் வெளியேறினார். முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2012-இல் கிளப் மூடும் நிலைக்கு வந்தபோது பங்கு வாங்கிக் காப்பாற்றியவர்களில் அவரும் ஒருவர். ஆர்சனலில் இருக்கும்போது கணுக்காலில் தொற்று ஏறி, குதிகால் தசைநாரின் ஒரு பகுதி அழுகிப்போனது. முன்கையிலிருந்து தோலை எடுத்து அங்கே ஒட்டினார்கள். அதில் குத்தியிருந்த மகள் பெயரின் பாதி கையில், பாதி காலில். 2018-இல் ஆர்சனல் விட்டது. அப்புறம் விய்யாரியால், அல் சாத், கடைசியில் 2023-இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த ஒவியெதோ. சம்பளமே வேண்டாம் என்றார். விதி அனுமதிக்காததால் குறைந்தபட்ச ஊதியம். தன் ஜெர்சி விற்பனையில் பத்து சதவீதம் இளையோர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். 2025 ஜூனில், நாற்பது வயதில், யார் மேலே ஏறுவது என்று முடிவு செய்யும் இறுதிப் ப்ளே-ஆஃப் ஆட்டத்தில் பெனால்டி கோல் போட்டார். 24 வருஷத்துக்குப் பிறகு ஒவியெதோ முதல் டிவிஷனுக்கு ஏறியது.

டர்க் கைய்ட் தன் பழைய கிளப்பான நெதர்லாந்தின் ஃபெயனூர்டுக்கு 2015-இல் திரும்பினார். 2017 மே 14, கடைசி ஆட்டம், வென்றால் 18 வருஷத்துக்குப் பிறகு பட்டம். முந்தைய வாரம் எக்செல்சியரிடம் 3-0 என்று தோற்றிருந்ததால் ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. முதல் நிமிடத்திலேயே 36 வயது கைய்ட் கோல். 3-1 வெற்றியில் மூன்றும் அவருடையதே. சில நாளில் ஓய்வை அறிவித்துவிட்டார்.

இரண்டு பேரிடமும் பொதுவாக ஒன்று இருக்கிறது: கிளப்புக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. ஏற வேண்டிய டிவிஷன், அல்லது எடுக்க வேண்டிய பட்டம். அது இல்லாமல் ஊர்ப் பாசத்துக்காக மட்டும் போனால் என்ன ஆகும்? ராமோஸ் 2023-இல் செவிய்யாவுக்குத் திரும்பினார். மாட்ரிட்டுக்குப் போனவர் என்று அங்கே அவரைப் பல வருஷம் ஊளையிட்ட கூட்டம் அது. அணி அந்த சீசனில் பட்டியலின் கீழ்ப் பாதியில் தடுமாறியது. ஒரு வருஷத்தில் வெளியே வந்தார். அதன் பிறகு அரை வருஷத்துக்கு மேல் கிளப்பே இல்லாமல் இருந்து, 2025 பிப்ரவரியில் மெக்சிகோவின் மான்டெர்ரே போனார்.

இங்கே பணம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும், அது மறைமுகச் செலவு இல்லை. மறைந்திருப்பது, 'இல்லை' என்று சொல்ல முடியாமல் போவது. ஊசி போட்டுக்கொண்டு ஆடச் சொன்னால் ஆடுவார், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

## வழி 4: பூட்ஸைக் கழற்றிவிடுவது

இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். கிளப் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும்போது தானே நிறுத்துவது ஒன்று. ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மிச்சமிருக்கும்போது 2006-இல் விடைபெற்ற ஸிதானும், 2024-இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையோடு 34 வயதில் கிளம்பிய டோனி குரோஸும் அந்த வகை. கிளப் விட்டபிறகு "அப்படியானால் நிறுத்திவிடுகிறேன்" என்பது வேறு வகை. இரண்டாவதை நான் சீக்கிரம் பரிந்துரைப்பதில்லை.

ஃப்ரான்செஸ்கோ டோட்டியைப் பாருங்கள். ரோமாவுக்கு மட்டும் 786 ஆட்டம், 307 கோல். 2017 மே 28 அன்று மொத்த மைதானமும் அழுதது. கிளப் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முடித்து நிர்வாகப் பதவி கொடுத்தது. இரண்டு வருஷத்தில், எந்த முடிவிலும் தன்னைச் சேர்ப்பதில்லை என்று சொல்லி ராஜினாமா செய்தார். விடுவித்த கிளப் தரும் 'தூதர்', 'ஆலோசகர்' பதவிகளைப் பற்றி ஒன்று சொல்வேன்: பணி விவரத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அது ஒரு நாற்காலி மட்டும்தான்.

அதே ரோமாவில் டானியேல் தெ ரோஸ்ஸி 2019-இல் வேறு மாதிரி செய்தார். 616 ஆட்டம் ஆடியவருக்கு ஒப்பந்தம் இல்லை என்றதும், நான் இன்னும் ஆட விரும்புகிறேன் என்று பக்கத்தில் கிளப் அதிகாரியை வைத்துக்கொண்டே சொன்னார். சின்ன வயது ஆசையான போகா ஜூனியர்ஸ் போய் சில மாதம் ஆடி நிறுத்தினார். ஆட்டக் கணக்கில் அது ஒன்றுமில்லை. ஆனால் முடிவு அவருடையதாக இருந்தது.

## ஒரே பார்வையில்

| | பெரிய கிளப் | தூர தேசம் | பழைய கிளப் | ஓய்வு |
|---|---|---|---|---|
| ஆடும் நேரம் | சந்தேகம். முதல் தப்பிலேயே கேள்வி வரும் | அனேகமாக உறுதி | உடம்பு விட்டவரை | இல்லை |
| உடம்பு | ஆட்ட வேகம் அதிகம் | பயணம், வெயில், தரை | 'இல்லை' சொல்ல முடியாது | தப்பித்தது |
| பணம் | நடுத்தரம், கையெழுத்துப் பணம் உண்டு | அதிகம் | குறைவு | சேமிப்புதான் |
| பெயர் | ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும் | மெல்ல மங்கும் | வேலை முடிந்தால் உச்சம் | அன்றைக்கு உச்சம் |
| நாற்பதுக்கு அப்புறம் | தொடர்புகள் நீடிக்கும் | பேரம் பேசினால் நிறையக் கிடைக்கும் | ஊரில் இடம் உண்டு | உடனே ஆரம்பிக்கலாம் |

## சரி, யார் எதை எடுப்பது

ஓட்டம் குறைந்து கண்ணும் பாஸும் மிச்சமிருக்கும் நடுக்கள ஆள் என்றால் முதல் வழிதான், தயங்க வேண்டாம். ஓட வேண்டியதை மற்றவர்கள் ஓடுவார்கள். மோட்ரிச் மிலானில் நாற்பதாவது பிறந்தநாளைக் கடந்து ஆடியது அப்படித்தான். நடுத் தடுப்பாளருக்கும் இது பொருந்தும், பக்கத்தில் வேகமான ஆள் இருந்தால்.

வேகத்தை நம்பியே வாழ்ந்த ஓரத்து ஆட்டக்காரருக்கு முதல் வழி ஆபத்து. அவரிடம் மிச்சமிருப்பது அவருடைய முக்கியச் சரக்கு இல்லை. அவர் தூர தேசத்துக்குப் போகலாம், சம்பளத்தோடு சேர்த்துப் பயிற்சியாளர் படிப்புக்கு நேரம், கிளப்பில் பிற்காலப் பொறுப்பு என்று ஏதாவது ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு.

பழைய கிளப் கூப்பிட்டால், அதற்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிச் சம்பளத்துக்கும் போகலாம். இல்லையென்றால் விழாவுக்கு விருந்தாளியாகப் போய் வந்தால் போதும்.

ஓய்வு பற்றி ஒரே வேண்டுகோள்: விடுவித்த மாதத்தில் அறிவிக்க வேண்டாம். பால் ஸ்கோல்ஸ் 2011 மே மாதம் நிறுத்தி, அடுத்த ஜனவரியில் மான்செஸ்டர் யுனைட்டடுக்குத் திரும்பி, இன்னொரு லீக் பட்டமும் வென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

கோல்கீப்பர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அவர்கள் மெதுவாகத்தான் தேய்வார்கள், வேலை காலியாவதும் திடீரென்றுதான். புஃபோன் 43 வயதில், தான் 1995-இல் தொடங்கிய பார்மாவுக்கு இரண்டாம் டிவிஷனில் ஆடப் போய் 45 வரை ஆடினார். ஷ்செஸ்னி கதை இன்னும் விசேஷம். ஏழு வருஷம் ஆடிய யுவென்டஸ் 2024 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 34 வயதில், ஆகஸ்ட் 27 அன்று ஓய்வை அறிவித்தார். செப்டம்பரில் பார்சிலோனாவின் கோல்கீப்பர் தேர் ஸ்டேகனுக்கு முழங்கால் போனது. அக்டோபர் 2 அன்று ஷ்செஸ்னி பார்சிலோனாவில் கையெழுத்துப் போட்டார். அந்த சீசன் முடியும்போது அவர் கையில் ஸ்பெயின் லீக் பட்டமும் அரசர் கோப்பையும் இருந்தன. அவருடைய ஓய்வு நீடித்தது 36 நாள்.